பிலோமினாக்காவின் புகைப்பெட்டி

இந்த வருடம் நம் பட்டறையில் சேர்ந்தவர்களில் ஒரு பெண், டிப்ளமா முடித்தவர், போன வாரம் என்னிடம் கேட்டார்: "நீங்க செஞ்சதுலயே கஷ்டமான வேலை எதுங்க ஐயா?" சாயப்பட்டறைப் புகைபோக்கி, பனியன் கம்பெனி டிரையர் என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார். சேவூரில் ஒரு வீட்டின் பின்புறப் பொடக்காளியில், பன்றித் தொடையைத் தொங்கவிட்டுப் புகை போடுவதற்காக நான் மாற்றிக் கட்டிய பெட்டிதான் என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். சிரிப்பு அடங்குவதற்குள் டீ வந்துவிட்டது. சொல்லாமல் விட்டதை எழுதித் தருகிறேன். தகடு வெட்டுவதும் பற்றவைப்பதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதைப் பற்றி இதில் அதிகம் இருக்காது.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு முப்பது வயது. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பட்டறையில் வேலை. மேஸ்திரியும் நானும் இன்னொரு ஆளும். சலவைப் பட்டறைகளுக்குத் தொட்டி, அடுப்புகளுக்குப் புகைபோக்கி, மழைக்காலம் வந்தால் பனியன் துணி காய வைக்கும் அறைகள். கரி அடுப்பை ஒரு பக்கம் வைத்து, சூட்டை மட்டும் அறைக்குள் விட்டு, புகையைக் கூரைக்கு மேலே தள்ளிவிட வேண்டும். ஒரு கீற்றுக் கரி துணியில் பட்டால் மொத்த லாட்டும் மறுபடி சலவைக்குப் போகும். அதனால் புகை என்றாலே எனக்கு விரட்டி அடிக்க வேண்டிய ஒன்று.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் தறிக்காரக் குடும்பம். முருகனைக் கும்பிடுகிறவர்கள். எங்கள் வீட்டில் கறி சேர்ப்பதில்லை. நான் அதுவரை கறியைத் தொட்டதுகூடக் கிடையாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. நான் செய்த பொருள் சரியாக வேலை செய்கிறதா என்று என் நாக்கால் பார்க்க எனக்கு வழி இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை காலை ஓர் அம்மா பட்டறை வாசலில் வந்து நின்றார். நாற்பது வயது இருக்கும். கையில் ஒரு சணல் கயிறு. அதில் இரண்டு முடிச்சு.

"ஏனுங்க, பொகை போற வேலையெல்லாம் நீங்கதான் பண்றீங்களாமா?"

"ஆமாங்க அம்மிணி. எந்தக் கம்பெனிங்க?" என்றார் மேஸ்திரி.

"கம்பெனி இல்லீங்க. சேவூருங்க. எங்கூட்டுல ஒரு பொகைப்பொட்டி இருக்குதுங்க. அதை இத்தனை நீளத் தொடை தொங்கற மாதிரி மாத்தோணும்." கயிற்றை இழுத்துப் பிடித்து முடிச்சுகளைக் காட்டினார். "பன்னித் தொடைங்க."

மேஸ்திரியின் முகம் மாறிவிட்டது. "அது நமக்கு ஆகாதுங்க அம்மிணி. நாங்க கறி வேலை பண்றதில்லைங்க."

அந்தம்மா கோபப்படவில்லை. "கறியை நான் உங்ககிட்டக் கொண்டுட்டு வரலீங்க. அது எங்கூட்டுலயே இருக்கும். பொகை எல்லாத்துக்கும் ஒரே பொகைதானுங்களே?"

மேஸ்திரி சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு என் பக்கம் திரும்பினார். நான் அதற்குள் கயிற்றை வாங்கி முடிச்சுக்கு முடிச்சு அளந்துகொண்டிருந்தேன். புகையை விரட்டச் சொல்லியே எல்லோரும் வருகிறார்கள். புகையை உள்ளே வைத்திருக்கச் சொல்லி ஒருவர் வந்திருக்கிறார். அது எப்படி என்று பார்க்காமல் இருக்க என்னால் முடியாது.

அவர்தான் பிலோமினாக்கா. வீட்டுக்காரர் பட்டாளத்தில், ஆபீசர்கள் மெஸ்ஸில் சமையல்காரராக இருந்தவர். அங்கே கற்றதை ஊருக்கு வந்து செய்தார். உப்பு, வெல்லம், மிளகு, கொஞ்சம் வெடியுப்பு போட்டுக் கறியை ஊறவைத்து, கொய்யாக் கட்டைப் புகையில் பதப்படுத்துவது. மூன்று வருடத்துக்கு முன் அவர் காலமாகிவிட, அக்கா அந்த வேலையை விடாமல் செய்துவந்தார். நீலகிரியில் ஒரு தேயிலை எஸ்டேட் கிளப்பின் பட்லர் மாதம் ஒரு முறை ஜீப்பில் வந்து வாங்கிப் போவார். இதுவரை எல்லாம் சின்னத் துண்டுகள். அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு எலும்போடு முழுத் தொடை எட்டு, புது வருடத்துக்கு இன்னும் நான்கு கேட்டிருந்தார்கள். அது சரியாக வந்துவிட்டால் கிளப்பின் வேலை முழுதும் அக்காவுக்குத்தான். அக்கா குத்தகைக்கு எடுத்திருந்த நிலத்தில் பருத்தி இரண்டு வருடமாகப் பொய்த்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். பெட்டி என்றால் பெட்டி இல்லை. கீழே செங்கல் அடுப்பு. அதன் மேல் இரு பக்கமும் வெட்டிய ஒரு கடலை எண்ணெய்ப் பீப்பாய். நடுவில் கம்பி வலை. மேலே ஈரச் சாக்கு. வலையில் துண்டுகளைப் பரப்பி மணிக்கொரு முறை திருப்பிப் போடுவாராம்.

"முழுத் தொடையையும் இதுலயே படுக்க வெச்சா என்னங்கக்கா? வலையைப் பெருசு பண்ணிக் குடுத்துடறேன்" என்றேன்.

"படுக்க வெச்சா அடிப்பக்கம் வேர்த்துப் போகுமுங்க தம்பி. வேர்த்தா கெட்டுப் போகும். தொங்கோணும். நாலு பக்கமும் காத்துப் படோணும்."

துணிக்கும் இதே கதைதானே என்று நினைத்தேன். உற்சாகமாகிவிட்டேன். முதல் பீப்பாயின் மேல் இன்னொரு பீப்பாயை வைத்து இணைத்தேன். ஆள் உயரத்துக்கு வந்தது. உள்ளே குறுக்கே இரண்டு இரும்புக் கம்பி, அதில் மாட்டக் கொக்கிகள், பக்கவாட்டில் ஒரு கதவு, மேலே இறுக்கமான தகர மூடி. இணைப்பில் எல்லாம் களிமண் பூசினேன். எங்கும் ஒரு நூல் புகைகூட வெளியே வரவில்லை. பெருமையாக இருந்தது. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் என் கையை நானே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு போனபோது அக்கா இறுகிய முகத்தோடு நின்றார். சோதனைக்கு இரண்டு வெள்ளாட்டுத் தொடை தொங்கவிட்டிருந்தார். கீழ்நுனி வெந்து பிளந்திருந்தது. மேல்பாதி கன்னங்கரேல் என்று தார் பூசியது போல. எலும்பை ஒட்டி உள்ளே பச்சை. கத்தியால் ஒரு சீவல் சீவி வாயில் போட்டார். முகம் சுளித்தது.

"கசக்குது. இந்தாங்க, நீங்களே பாருங்க" என்று நீட்டியவர், சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். "அடடா, நீங்க தின்ன மாட்டீங்கல்ல."

"எப்படிக் கசக்குதுங்கக்கா? வேப்பிலை மாதிரியா, தீஞ்சுபோன மாதிரியா?"

அந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. இன்னொரு சீவல் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"அடுப்படிக் கூரை ஓலை மழைக்கு ஒழுகுமில்லைங்க? கரி கரியா ஒரு தண்ணி சொட்டும். அது உதட்டுல பட்டா ஒரு கசப்புக் கசக்கும் பாருங்க. அப்படி."

தம்பிகளே, தங்கைகளே, என் வேலை நாட்களில் எனக்குக் கிடைத்த அளவுகோல்களில் இவ்வளவு துல்லியமானது வேறு இல்லை. நான் மூடியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்கக் கரிநீர் முத்து முத்தாக நின்றது. ஈரப்புகை வெளியே போக வழியில்லாமல் மூடியில் முட்டி, குளிர்ந்து, கறி மேலேயே சொட்டியிருக்கிறது. ஒரு நூல் புகைகூட வெளியே விடவில்லை என்று நான் பெருமைப்பட்டேனே, அந்தப் பெருமைதான் கசந்தது. வாங்குகிறவர் "சரியில்லை" என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள். எப்படிச் சரியில்லை என்று கேளுங்கள். பாதி விடை அவரிடம் இருக்கும்.

ஆனால் மீதிப் பாதி எனக்குப் புரியவில்லை. மேல்பாதிக் கறுப்பும் ஒரு பக்கம்தான், மறு பக்கம் வெளுப்பு. உள்ளே புகை எந்த வழியாக ஏறுகிறது? கதவைத் திறந்து பார்த்தால் வழி மாறிவிடும். மூடினால் தெரியாது. இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டு திரிந்தேன். ஒரு கம்பெனியில் தொட்டிக்குக் கசிவு பார்க்கப் போனபோது மூலையில் கோரா, அதாவது சலவை செய்யாத, பனியன் துணியின் கட்டிங் வேஸ்ட் குவிந்து கிடந்தது. எனக்குக் கறியைப் படிக்கத் தெரியாது. துணியைப் படிக்கத் தெரியும். ஒரு பை நிறையக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

துண்டுகளை நனைத்துப் பிழிந்து, ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண் போட்டு, பெட்டிக்குள் மேலே, நடுவில், கீழே, நான்கு மூலையிலும் கட்டித் தொங்கவிட்டேன். மதியம் வரை புகை. பிறகு எல்லாவற்றையும் எடுத்து, உள்ளே இருந்த வரிசைப்படியே கயிற்றுக் கட்டிலில் பரப்பினேன்.

அக்கா வந்து பார்த்துச் சிரித்தார். "என்னங்க தம்பி, கறிக்குப் பதிலா பனியனை வேக வெச்சிருக்கீங்க?"

கட்டிலின் மேல் புகையின் பாதை படம் போட்டது போலக் கிடந்தது. பின்பக்கத் துண்டுகள் டிகாஷன் நிறம். முன்பக்கம் ஏறக்குறைய வெள்ளை. மேல்வரிசையில் கரும்பொட்டுகள். கீழ்வரிசை சூட்டில் அப்பளம் போல விறைத்திருந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குனிந்தார். ஒவ்வொரு துண்டாக எடுத்து முகர்ந்தார். "இது கசக்கும். இது தேவலை. இது வெறும் சூடு, பொகையே படலை." நான் எண்ணைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் மூக்கும் என் கண்ணும் ஓர் இடத்தில்கூட மாறுபடவில்லை.

அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு. தீயைப் பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்துவிட்டோம். எட்டடி தள்ளிச் சின்னக் குழி வெட்டி அதில் கட்டை. அங்கிருந்து மண்ணுக்குள் ஒரு குழாய், மெல்ல மேலேறிப் பெட்டிக்கு வரும். வரும் வழியிலேயே புகை ஆறிவிடும். பெட்டியின் அடியில் ஓட்டை போட்ட ஒரு தகடு, புகையைப் பிரித்து விட. மேலே மூடிக்குப் பதில் ஒரு புகைபோக்கி, அதில் புகையைக் கூட்டிக் குறைக்கத் திருப்பி வைக்கிற ஒரு மடல். புகையை வெளியே போகவிட்டால்தான் அது உள்ளே வேலை செய்கிறது என்பதை நான் அந்தப் பொடக்காளியில் கற்றேன். இன்று நீங்கள் டிரையரில் ஈரக்காற்றை வெளியேற்றும் வழியை முதலில் வரைகிறீர்களே, அதேதான்.

கடைசிச் சோதனையில் எல்லாத் துணித்துண்டும் ஒரே நிறம். ஆறிய டீயின் நிறம். சோதனைக்குத் தொங்கிய தொடையிலிருந்து அக்கா ஒரு சீவல் எடுத்து மென்றார். இன்னொன்று எடுத்தார்.

"எப்படிங்கக்கா?"

"அவுங்க இருந்திருக்கோணும்" என்றார். முந்தானையால் கத்தியைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன்.

அந்த எட்டடிக் குழாய்க்குப் பூச்சு இல்லாத கருப்புத் தகடு போட்டிருக்க வேண்டும். பட்டறையில் அது தீர்ந்திருந்தது. ஒரு கம்பெனியின் மழைநீர்க் குழாய் செய்தது போக நாகம், அதாவது துத்தநாகம், பூசிய தகடு மீதி கிடந்தது. மண்ணுக்குள் துருப்பிடிக்காது, பளபளவென்று இருக்கும் என்று அதையே உருட்டிக் குழாயாக்கினேன். நாகம் தீயில் பட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாததில்லை. அந்தத் தகட்டைப் பற்றவைக்கும்போது வெள்ளைப் புகை கிளம்பும். அதை இழுத்தால் அன்று சாயங்காலம் குளிர்காய்ச்சல் வந்து உடம்பு தூக்கிப் போடும். எனக்கே இரண்டு முறை வந்திருக்கிறது. ஆனால் குழியில் கட்டை எரியப்போவதில்லை, கனன்று புகையத்தானே போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சோதனை நாளில் குழாய் வாயில் கையை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்புதான். அன்று நல்ல வெயில், கட்டையும் நன்றாகக் காய்ந்திருந்தது.

அந்த வருடம் கார்த்திகை முடிந்தும் மழை விடவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு. ஜீப் மதியம் வரும் என்று தெரியும். எட்டுத் தொடையும் எப்படி வந்திருக்கின்றன என்று பார்க்கும் ஆவலில் காலை பத்து மணிக்கே போய்விட்டேன். அக்கா மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். பெட்டிக் கதவைத் திறந்தார். செம்மண் நிறத்தில், மெருகு ஏறி, எட்டும் வரிசையாகத் தொங்கின. கறி சேர்க்காத எனக்கே அந்த வாசனை நன்றாக இருந்தது.

குழாய் பெட்டிக்குள் நுழைகிற இடத்தில் எப்போதும் ஒரு துணித்துண்டு தொங்கட்டும் என்று அக்காவிடம் சொல்லி வைத்திருந்தேன். அவிழ்த்தேன். டீ நிறத்துக்கு மேல் சாம்பல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. விரலால் தேய்த்தேன். சாம்பல் என்றால் இழுபடும். இது மாவு போல நின்றது.

குழிக்குப் போனேன். குழாய் வாயின் பளபளப்பு போயிருந்தது. கொப்புளம் கொப்புளமாக வெடித்து, பஞ்சுத் துணுக்கு போல வெள்ளைப் பொடி பூத்திருந்தது.

"அக்கா, இங்க தீ எச்சா எரிஞ்சுதுங்களா?"

"நாலு நாளா கட்டையெல்லாம் ஈரமுங்க தம்பி. பொகையே வரல. பாளையும் மட்டையும் போட்டு நல்லா எரியவிட்டு, குழாய்கிட்ட ஒட்டித் தள்ளி வெச்சேன். அப்பறந்தான் இழுத்துச்சு. ஏனுங்க?"

அவர் செய்ததில் தப்பே இல்லை. ஈரக் கட்டையும் ஒரு கெடுவும் இருந்தால் யாரும் அதைத்தான் செய்வார்கள். நான் வெயில் நாளுக்கு ஒரு குழாய் செய்து கொடுத்துவிட்டு, மழை நாளை நினைக்காமல் போயிருக்கிறேன்.

பதில் சொல்லாமல் தொட்டியடிக்குப் போய்க் கை கழுவினேன். உங்களிடம் மறைக்க மாட்டேன். அந்த நேரத்தில் மனசு என்னென்னவோ கணக்குப் போட்டது. எட்டடிக் குழாய். பொடியில் பெரும்பகுதி அதிலேயே தங்கியிருக்கும். தொடைக்கு வந்தது கொஞ்சம்தான். மேல்தோலை எப்படியும் சீவித்தான் தின்பார்கள். குழாய் வாயைத் துடைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் வந்து கருப்புத் தகடு மாற்றிவிடலாம். எல்லாமே சரியான நியாயங்களாகத்தான் தெரிந்தன. ஆனால் அந்தக் குளிர்காய்ச்சல் நினைவுக்கு வந்தது. பல் கிட்டிப்போய்க் கிடந்த அந்தச் சாயங்காலம். கையைத் துடைத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா துணித்துண்டை வாங்கி விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு, "மூச்சுல போனாக் காய்ச்சல்ங்கறீங்க. வயித்துக்குள்ள போனா?"

"தெரியலீங்கக்கா."

"மேல வினிகர் போட்டுத் தொடைச்சா?"

"அதுவும் தெரியலீங்க."

"என்னதான் தெரியும் உங்களுக்கு?" என்று கத்திவிட்டார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். அந்த நேரத்தில் இட்டேரிப் பாதையில் ஜீப் சத்தம் கேட்டது. சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முந்தியே வந்துவிட்டார்கள்.

பட்லர் வெள்ளை உடுப்பில் இறங்கினார். வயதானவர், நல்ல மனிதர். நேராகப் பெட்டிக்குப் போய்க் கதவைத் திறந்து, ஒரு தொடையின் அருகே மூக்கைக் கொண்டுபோனார். அவர் முகம் மலர்ந்தது.

"அடேயப்பா! வெள்ளைக்காரன் ஊர்ல இருந்து வர்றதே இப்படி இருக்காதம்மா."

"அய்யா, இதை உங்களுக்குக் குடுக்க முடியாதுங்க. கெட்டுப் போச்சுங்க" என்றார் அக்கா.

"கெட்டுப் போச்சா? இதுவா?"

"நான் செஞ்ச குழாயாலதான்..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க சித்தே சும்மா இருங்க தம்பி" என்று அக்கா என்னை நிறுத்தினார். தானே சொன்னார். குழாயில் இருந்து ஏதோ பொடி உதிர்ந்து படிந்திருக்கிறது, சாப்பிட்டால் என்ன ஆகும் என்று தெரியவில்லை என்று. யார் செய்த குழாய் என்று சொல்லவில்லை.

பட்லர் துணித்துண்டை வாங்கிப் பார்த்தார். அவருக்கும் நெருக்கடி. மலையில் நூறு பேருக்கு விருந்து. "இத்தினியூண்டு தூசியா? இதைத் துடைச்சுக் குடும்மா. யாருக்குத் தெரியப் போவுது? துரைக்கு நான் என்னன்னு பதில் சொல்றது?"

அக்கா தொடைகளைப் பார்த்தார். மூன்று வாரம் உப்பில் புரட்டி, நான்கு நாள் மழையில் தீயோடு போராடி எடுத்தவை. பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இப்பச் சொல்லுங்க. இதைத் தின்னா ஒண்ணும் ஆகாதுன்னு உங்க வாயால சொல்லுவீங்களா? சொன்னீங்கன்னா ஏத்தி உட்டுடறேன்."

பட்லரும் ஜீப் டிரைவரும் என்னைத்தான் பார்த்தார்கள். ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் அக்காவுக்குக் கிளப் வேலை கிடைத்துவிடும், நானும் தப்பித்துவிடுவேன். அநேகமாக ஒன்றும் ஆகாது என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் அவர் கேட்டது எனக்கு என்ன தோன்றுகிறது என்று இல்லை.

"சொல்ல முடியாதுங்கக்கா."

"அப்பச் சரி" என்று பட்லரிடம் திரும்பினார். "எங்கூட்டுத் தப்புன்னே துரைகிட்டச் சொல்லிருங்க."

ஜீப் காலியாகப் போனது. நஷ்டத்தைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். அக்கா மண்வெட்டியை என் கையில் கொடுத்தார். "நாய் தோண்டாத ஆழத்துக்கு வெட்டுங்க."

தென்னை மரத்துக்கு அக்கட்டால தள்ளி இடுப்பளவு குழி வெட்டினேன். அக்கா ஒவ்வொரு தொடையாகக் கொக்கியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார். மூன்றாவதைக் கொண்டு வரும்போது பாதி வழியில் நின்றுவிட்டார். குழியிலிருந்து ஏறி வந்து நான் வாங்கிக்கொண்டேன். மீதி ஐந்தையும் நானே எடுத்துக்கொண்டு போய் வைத்தேன். அதுவரை கறியைத் தொட்டதில்லை என்று சொன்னேன் அல்லவா? ஒவ்வொன்றும் ஒரு குழந்தையின் கனம் இருந்தது. மண்ணைத் தள்ளி மிதித்து முடித்தேன்.

அன்று மதியமே நான் அந்தக் குழாயைத் தோண்டி எடுத்தேன். தீக்குழிக்குப் பக்கத்தில் மூன்றடிக்குச் செங்கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டினேன். மறுநாள் மேஸ்திரியிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "எங்கிட்டச் சொல்ற தைரியம் இருக்குதல்ல, போ" என்று எங்கிருந்தோ கருப்புத் தகடு வரவழைத்துக் கொடுத்தார். இரண்டு நாளில் குழாய் மாறியது. கொட்டுகிற மழையில் வைத்து, வேண்டுமென்றே பெருந்தீ மூட்டிச் சோதித்தேன். உப்பில் கிடந்த நான்கு தொடைகளும் புது வருடத்துக்குத் தயாராகின.

கிளப் வாங்கவில்லை. பம்பாயிலிருந்து டின்னில் வரவழைத்துக்கொண்டதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த ஜீப் அதற்குப் பிறகு சேவூர்ப் பக்கம் வரவே இல்லை. உண்மையைச் சொன்னதால் நல்லது நடந்தது என்று உங்களிடம் சொல்ல எனக்கும் ஆசைதான். நடக்கவில்லை.

அக்கா நான்கு தொடையையும் வெள்ளைத் துணியில் சுற்றி, பெரிய கூடையில் வைத்துக்கொண்டு கோயமுத்தூர் பஸ் ஏறினார். பெரிய ஹோட்டல், ரயில்வே கேண்டீன் என்று மூன்று நாள் அலைந்தாராம். கடைசியில் ஒரு பேக்கரிக்காரர் ஒரு சீவல் தின்று பார்த்துவிட்டு, நான்கையும் எடுத்துக்கொண்டு, அடுத்த மாதம் இரண்டு கொண்டுவரச் சொன்னார். அந்த இரண்டு பிறகு நான்காயிற்று. அக்காவின் பெட்டி பல வருடம் புகைந்தது. வருடத்துக்கு ஒரு முறை நான் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

ஏழெட்டு வருடம் கழித்து, ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்க்கும்போது, அங்கே ரசாயனம் படித்த ஒருவரிடம் இதைக் கேட்டேன். மனசில் அது முள்ளாகவே இருந்தது. அவர் குழாயின் நீளம், தீயின் சூடு, படிந்திருந்த பொடியின் அளவு எல்லாம் கேட்டுக்கொண்டார். "எட்டடி தாண்டி அவ்வளவு கொஞ்சமா வந்திருந்தா, தோலைச் சீவிட்டுச் சாப்பிட்டவங்களுக்கு அநேகமா ஒண்ணும் ஆகியிருக்காது. ரொம்பப் போனா வயித்தைக் கலக்கியிருக்கும்" என்றார்.

அன்றிரவு பாயில் கிடந்து நினைத்துப் பார்த்தேன். எட்டுத் தொடை. கிளப் வேலை. எல்லாம் வீணாகத்தான் மண்ணுக்குள் போயிருக்கிறது. இதை அக்காவிடம் சொல்வதா, வேண்டாமா? சொல்லாமல் இருப்பது எனக்குச் சுலபம் என்று தோன்றியதாலேயே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அடுத்த ஞாயிறு பஸ் ஏறினேன்.

அக்கா பொடக்காளியில் கொய்யாக் கட்டை பிளந்துகொண்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. ரசாயனம் படித்தவர் சொன்னதைச் சொன்னபடி ஒப்பித்தேன். கோடரியை நிறுத்திவிட்டு முழுதும் கேட்டார்.

"அன்னைக்கு இது நமக்குத் தெரியாதல்லங்க தம்பி?"

"தெரியாதுங்கக்கா."

"அப்ப நாம பண்ணுனது சரித்தான்." கோடரியை ஓங்கினார். கட்டை இரண்டாகப் பிளந்து விழுந்தது. "வந்ததே வந்தீங்க, அந்தக் கதவுக் கீல் ஒண்ணு தொங்கிட்டுக் கெடக்குது. சித்தே பாத்துட்டுப் போங்க."